ஏறுவதைப் பார்த்து வாங்கிய பிக்கப்

டிரெய்லர் இழுக்கப் போகும் வாகனத்துக்குத் தகுதிச் சான்றிதழ் கொடுப்பதென்றால், டிரெய்லரைப் பூட்டி, சுமையேற்றி, இறக்கத்தில் நிறுத்திப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். சான்றிதழ் கொடுத்த அதிகாரி, அதே வாகனம் பின்னர் விபத்தில் சிக்கினால், அதைப் பரிசோதிக்கப் போகக் கூடாது. இரண்டும் விதி. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே இருந்த விதி. சேர்ந்த பிறகு இரண்டையும் தட்டச்சு செய்து, கண்ணாடி போட்டு, என் மேசைக்கு எதிரே மாட்டி வைத்தேன். சாமி படம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றியவர்கள் உண்டு.

போன மாதம் பதுளையில் நம் ஓய்வூதியர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் வந்தார். மகனுக்காகப் பழைய பிக்கப் ஒன்று பார்த்திருக்கிறாராம். வெலிமடையில் காய்கறி ஏற்றி எல்ல ஊர்ப் பக்கத்து ஹோட்டல்களுக்குக் கொண்டுபோக வேண்டும். தண்ணீர்த் தாங்கி வைத்த டிரெய்லரையும் இழுக்க வேண்டும். "ஏத்தத்துல சும்மா பறக்குதுங்க" என்றார். நான் பதில் சொல்லாமல் கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டேன். அந்த அம்மாவுக்கு மரியாதை தெரியவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. பதில் இதோ. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள், நாம் யாருக்கும் அவசர வேலை ஒன்றும் இல்லை.

எங்கள் தோட்டம் ஹல்துமுல்லைக்கு மேலே இருந்தது. அப்பா தோட்டத்து டிராக்டர் ஓட்டினார். மேல் டிவிசனில் பறிக்கும் கொழுந்தை டிரெய்லரில் ஏற்றிக் கீழே ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, இறக்குவது அவர் வேலை. நான் ஏழாம் வகுப்பில் இருந்த வருடம் டிராக்டர் படுத்துவிட்டது. அதற்கு உதிரிப்பாகம் நாட்டிலேயே கிடைக்காத காலம். டிரெய்லர் மட்டும் ஸ்டோர் வாசலில் மழையில் நனைந்துகொண்டு நின்றது. தோட்ட நிர்வாகியான தொரை அப்பாவைக் கூப்பிட்டு, டிரெய்லரை இழுக்கும்படி ஒரு வண்டியை நீயே வாங்கிக்கொண்டால் கொழுந்து ஏற்றும் வேலையை உனக்கே குத்தகைக்குத் தருகிறேன் என்றார்.

லயத்து வரிசை வீட்டில் பிறந்தவனுக்குச் சொந்த வண்டி! அம்மாவும் சின்னம்மாவும் காதிலும் கழுத்திலும் இருந்ததை அன்றைக்கே கழற்றினார்கள். சின்னம்மா அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் கழற்றியது அந்தக் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை.

"வண்டி ஓடுனா எனக்கு ரெண்டு மடங்கா போட்டுவிடணும் அத்தான்" என்றாள்.

"ஒன் கல்யாணத்துக்கு அந்த வண்டியிலதான் ஊர்வலம்" என்றார் அப்பா. "மாப்பிள்ளைய டிரெய்லர்ல ஏத்திருவோம்."

வண்டி பார்க்கும் பொறுப்பு மாமாவிடம் போனது. மாமா அம்மாவுக்கு அண்ணன். பண்டாரவளையில் லொறிக் கிளீனராக இருந்தவர். எங்கள் லயத்தில் வண்டி விஷயத்தில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. இடுப்பில் எப்போதும் ஒரு ஸ்பேனர் செருகியிருக்கும். அதை அவர் எந்தப் போல்ட்டிலும் மாட்டித் திருகி நான் பார்த்ததில்லை. பேசும்போது சுட்டிக்காட்டத்தான் எடுப்பார்.

மூன்று வண்டிகள் பார்த்தார்கள். நானும் கூடப் போனேன், விற்க வந்தவர்கள் காட்டிய சிங்களக் கடதாசிகளை வாசிக்க எங்கள் வீட்டில் வேறு ஆள் இல்லாததால். முதலாவது ஜப்பான் பிக்கப். புதிது போல மினுங்கியது. மாமா கதவைத் தட்டிப் பார்த்து, "பிஸ்கட் டப்பா. டிரெய்லரு இத இழுத்துக்கிட்டுப் போயிரும்" என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே சரியான வார்த்தை அது. இழுக்கும் வண்டி, இழுபடும் வண்டியைவிடக் கனமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் யார் யாரை இழுப்பது என்பது குழப்பமாகிவிடும்.

இரண்டாவது ஏதோ அரசாங்கப் பகுதி ஏலத்தில் விட்ட ஜீப் பிக்கப். பூச்சு உதிர்ந்து, ஒரு கண் குருடாகி நின்றது. அப்பா அதன் அடியில் படுத்துப் பார்த்தார். கொக்கியைக் கனமான தகடு வைத்து, போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்கள். அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டினால் மணி போலக் கேட்டது. அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ஏற்றத்தில் அது இருமிக்கொண்டு, மாதம் நிறைந்தவள் படியேறுவதுபோல ஏறியது.

மாமா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "இது ஏறி முடிக்கங்காட்டியும் கொழுந்து வாடி, வறண்டு, சாக்குக்குள்ளயே தேயில ஆயிரும் மச்சான்! ஸ்டோரே தேவையில்ல!"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மச்சானிடம் தோற்பது அவருக்குப் பெரிய விஷயமாக இருந்ததில்லை.

மூன்றாவதைப் பண்டாரவளைத் தரகர் ஒருவர் எங்கள் லயத்துக்கே ஓட்டிவந்தார். பச்சை நிறத்தில் பழைய இங்கிலீஷ் டீசல் பிக்கப். ரப்பர் குமிழ் வைத்த பித்தளை ஹார்ன். அமுக்கினால் வாத்து கத்தும். முன்கண்ணாடிக்குக் கீழே கதிர்காமத்து முருகன் படம். பின்கதவைக் கட்ட ஒரு தோல் வார். அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகத் தார் பூசியிருந்தது. அந்தத் தார் வாசனையை நாங்கள் புதுவண்டி வாசனை என்று நினைத்து மூச்சை இழுத்து இழுத்து முகர்ந்தோம். பழைய வண்டியின் வயிற்றில் புதுத் தார் இருந்தால், அடியில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். இதை நான் பிறகு சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றேன்.

எங்கள் பக்கத்தில் அப்போது வண்டியைச் சோதிக்க ஒரே முறைதான். லயத்துச் சனம் அத்தனையையும் ஏற்றி, மேட்டில் இருக்கும் கோயிலுக்கு ஏற்ற வேண்டும். ஏறினால் நல்ல வண்டி. மலையில் வாழ்கிறவர்களுக்கு ஏறுவதுதான் பெரிய காரியமாகத் தெரியும். இறங்குவது தானாக நடக்கும் என்று எண்ணம்.

பச்சை வண்டி ஏறியது. அரோகரா சத்தத்தில் மலை அதிர, மூடுபனியைக் கிழித்துக்கொண்டு, ஒரு இருமல் இல்லாமல் ஏறியது. பின்னால் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள். சின்னம்மா முன்னால் உட்கார்ந்து வாத்தைக் கத்தவிட்டுக்கொண்டே வந்தாள்.

மேலே தேங்காய் உடைத்ததும் அப்பா சொன்னார்: "அப்படியே திருப்பி, ஏறுன வழியிலயே ஒருக்கா எறக்கிப் பாக்குறேன். டிரெய்லர் இந்த ரோட்டுலதான் எறங்கணும்."

மாமாவின் முகம் மாறியது. "என்ன பேசுற மச்சான்? சாமி கும்பிட ஏறுன வண்டி ஏறுன வழியில எறங்குமா? வெளங்குமா?"

அது எங்கள் வழக்கம். கோயிலுக்கு ஏறிய புதுவண்டி பின்பக்கத்து மாட்டு வண்டிப் பாதையால் சுற்றித்தான் இறங்க வேண்டும். மூக்கைத் தரையில் தேய்ப்பதுபோல மெல்ல மெல்லச் சரியும் பாதை அது. அதில் பிரேக்கே தேவைப்படவில்லை. தரகர் கைகூப்பி, "பெரியவங்க சொல்றது சரிங்க" என்றார். அவருக்கு அன்றுதான் எங்கள் சாமிமேல் பெரிய பக்தி வந்திருக்க வேண்டும்.

நகை விற்ற காசைக் கொடுத்து வண்டியை வாங்கியாயிற்று. அடுத்தது சான்றிதழ். பதுளைக்குப் போனோம். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. பெயர் சொன்னால் எனக்கே அவதூறு வழக்குப் பிரிவுகள் நினைவுக்கு வரும். பரிசோதகர் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் இருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து. ஒரு கையில் கட்லட். நான் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் கட்டு ஒன்றைச் சுமந்து போனேன், அவருக்குக் கொடுக்க.

"டிரெய்லர் எங்க?" என்றார்.

"தோட்டத்துல நிக்குதுங்கய்யா" என்றார் அப்பா. "சொன்னீங்கன்னா கொண்டாந்து பூட்டிக் காட்றேன்."

"இழுக்குமா?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் மாமா, "மலையையே இழுக்குங்கய்யா" என்றார்.

பரிசோதகர் கடைக்குள்ளிருந்தே எட்டி வண்டியைப் பார்த்தார். பச்சை நிறம் பிடித்திருந்தது போல. கையெழுத்துப் போட்டார். எண்ணெய் விரல் தாளில் பதிந்தது. பிறகு என்னைப் பார்த்து, "படிக்கிறியா? நல்லாப் படி பிள்ளை. படிச்சா என்னை மாதிரி உக்காந்த எடத்துலயே வேலை பாக்கலாம்" என்றார். அவருடைய புத்திமதியை வாழ்க்கையில் என் அளவுக்குச் சிரத்தையாகக் கேட்டு நடந்தவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

வண்டி சில வாரங்கள் ஓடியது. அந்தச் சில வாரங்கள் நாங்கள் பணக்காரர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஸ்டோர் வளைவில் காத்திருப்பேன். முதலில் வாத்துச் சத்தம் கேட்கும். பிறகு ஈரச் சாக்கும் வாடிய கொழுந்தும் டீசலும் கலந்த வாசனை வரும். கடைசியில்தான் வண்டி பனிக்குள்ளிருந்து வரும்.

ஒரு நாள் பிற்பகல் மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. கொழுந்து அதிகம். சின்னம்மா மலையில் வேலை முடிந்து டிரெய்லரில் சாக்குகளின் மேல் ஏறிக்கொண்டாள். செங்குத்தான இறக்கத்தில் டிரெய்லர் முன்னால் தள்ளத் தொடங்கியது. அப்பா பிரேக்கை மிதித்தார். அது கூழை மிதித்ததுபோல அடிவரை போனது. கியரைக் குறைத்துக் கரையில் உரசி நிறுத்தப் பார்த்தார். அந்த இழுப்பில் கொக்கி கழன்றது. வண்டி தேயிலைச் செடிகளுக்குள் பாய்ந்து நின்றது. டிரெய்லர் தன் பாட்டில் போய் வளைவில் கவிழ்ந்தது. சின்னம்மாவின் இடது கால் அதற்கு அடியில் இருந்தது.

நான் கண்ணால் பார்த்தது ஒன்றைச் சொல்கிறேன். கொக்கி உடையவில்லை. அது டிரெய்லரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, பிக்கப்பின் அடிச்சட்டத்தில் ஒரு துண்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டு. அந்தத் துண்டு காய்ந்த ரொட்டி போல விரலில் நொறுங்கியது. மேலே தார், உள்ளே செந்துரு. அதன்மேல் யாரோ கொக்கியை வெல்டிங்கில் ஒட்டி வைத்திருந்தார்கள்.

விபத்தைப் பரிசோதிக்க வந்தது அதே வெள்ளைச் சப்பாத்து. சேற்றில் இறங்கவில்லை. ரோட்டில் நின்றபடி, "ஸ்பீடா வந்தியா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா அடிச்சட்டத்தைப் பாருங்கள் என்று கெஞ்சினார். பரிசோதகர் மாமாவிடம் திரும்பினார். "நீதானே வண்டி தெரிஞ்ச ஆள். வண்டில கொறை இருந்துதா?"

தோட்டமே கூடி நின்றது. மாமா இடுப்பு ஸ்பேனரைத் தொட்டுக்கொண்டார். ஏலத்து ஜீப்பைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்து, இந்த வண்டியை வாங்கவைத்தவர் அவர். "வண்டி நல்ல வண்டிங்கய்யா. ஓட்டுனதுதான்..." என்று நிறுத்தினார். நிறுத்திய இடம் போதுமானதாக இருந்தது. 'வாகனத்தில் குறைபாடில்லை, சாரதியின் கவனயீனம்' என்று எழுதப்பட்டது. அப்பாவின் லைசென்ஸ் போனது. நொறுங்கிய துண்டையும் கொக்கியையும் மாமா பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டார்.

சின்னம்மாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து, நல்ல வார்த்தையாகவே பேசி, சம்பந்தத்தை முறித்துக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளுக்குத் தன் அண்ணன் சொன்னதும் பரிசோதகர் எழுதியதும்தான் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவள் அப்பாவோடு நேரே ஒரு சொல் பேசவில்லை. அதே வீட்டில்தான் இருந்தாள். அதே சட்டியில்தான் சாப்பிட்டாள். ஆனால் அவர் காதுபட எங்களிடம், "டிரைவருக்குச் சோறு போடு", "டிரைவருக்குக் காச்சலாம், பாரு" என்பாள். அப்பா ஸ்டோரில் விறகு தள்ளும் வேலைக்குப் போனார். ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

எங்கள் தோட்டத்துச் சனத்துக்கு மறுத்து வைத்திருந்த குடியுரிமை கிடைத்து, பரீட்சை எழுதி, நான் அந்த அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தேன். வேறு இடங்கள் இருந்தன. கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். பரிசோதகர் அப்போது பெரிய அதிகாரி. என்னை அடையாளம் தெரியவில்லை. அவர் ஓய்வுபெற்றபோது மாலைக்குக் காசு சேர்த்தார்கள், நானும் கொடுத்தேன். பொறுமை என்பது நல்ல குணம் என்று சொல்வார்கள். அது எதற்காக என்பதைப் பொறுத்தது.

பல வருடம் கழித்து, நான் தலைமை எழுதுவினைஞராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்தபோது, அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். லைசென்ஸ் காலாவதியாகி வெகுநாள். மறதியில் விட்டுவிட்டாராம். இளம் பரிசோதகர் ஒருவர் ஓடிவந்து என் காதில் சொன்னார்: "மேடம், ஐயா நம்ம பழைய ஆளு. டெஸ்ட் இல்லாமலே போட்டுக் குடுத்துருவோமே?"

"நம்ம ஆளா இருக்கிறதாலதான் விதிப்படி செய்யணும் தம்பி" என்றேன். "கண் பரிசோதனை, மருத்துவச் சான்றிதழ், அப்புறம் ரோட்டுல டெஸ்ட். எறக்கத்துல நிறுத்தச் சொல்லுங்க. எறக்கத்த விட்டுறாதீங்க."

அவர் இறக்கத்தில் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை. பரிசோதகர் தம்பி கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்திராவிட்டால் மதிலில் போயிருப்பார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். இனிப்பாக இருந்தது. இதை எழுதும்போதும் இனிப்பாகத்தான் இருக்கிறது. மன்னிப்பைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் சங்கத்தின் ஆன்மிகக் குழுவில் பேசிக்கொள்ளுங்கள்.

அவர் சும்மா இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் நான் யார் மகள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். என்மேல் முறைப்பாடு கொடுத்தார். மூன்று அதிகாரிகள் உட்கார்ந்து விசாரித்தார்கள். நான் எதிரே கைகட்டி இருந்தேன்.

"இந்தம்மாவோட அப்பன் ஒரு தோட்டத்து டிரைவர்" என்றார் கிழவர். "டிரெய்லரக் கவுத்து ஒரு பொம்பள கால ஒடச்சான். நான்தான் லைசென்ஸ எடுக்க வச்சேன். அந்தப் பகைய வச்சு என்னப் பெயிலாக்கிட்டாங்க."

தலைமை அதிகாரி என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார். "அந்த வண்டிக்குத் தகுதிச் சான்றிதழ் கொடுத்தது யாருங்க?"

"நான்தான்."

"விபத்துக்கு அப்புறம் பரிசோதிச்சது?"

"நான்தான். வேற யாரு இருந்தா?"

"அடியில பாத்தீங்களா?"

கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தக் காலத்துல யாருங்க வண்டிக்கு அடியில படுத்தா? வெள்ள உடுப்புப் போட்டுக்கிட்டு சேத்துல பொரளச் சொல்றீங்களா?"

தட்டச்சுக்காரர் விடாமல் தட்டினார். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பதிவானது. முறைப்பாடு தள்ளுபடியானது. அவர் மறுபடி டெஸ்டுக்கு வரவில்லை. பிறகு ஊரில் அவரைப் பஸ் தரிப்பிடத்தில் பார்ப்பேன். குடை பிடித்துக்கொண்டு நிற்பார். நான் கடந்து போகும்போது வணக்கம் சொல்வேன்.

அவர் வாக்குமூலத்தின் உறுதிப்படுத்திய பிரதியை வைத்து, அப்பா பெயரில் ஒரு விண்ணப்பம் போட்டேன்: பழைய முடிவை நீக்க வேண்டும், லைசென்ஸை இரத்துச் செய்தது செல்லாதென்று அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு மேசையும் எங்கே இருக்கிறது, எந்த மேசையில் தாள் தூங்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தூங்கியது. நினைவூட்டல் எழுதினேன். மேன்முறையீடு எழுதினேன். நடுவில் ஓய்வுபெற்றேன். அம்மா போய்ச் சேர்ந்தார். அப்பாவுக்குக் காது மந்தமானது.

மாமாவை நான் எதுவும் செய்யவில்லை. விதிப்புத்தகத்தில் மாமாக்களுக்குப் பிரிவு இல்லை.

ஆகவே, நண்பரே, மகனுக்கு வாங்கப்போகும் பிக்கப்பின் அடியில் படுங்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். அடிச்சட்டத்தைத் தட்டிக் கேளுங்கள். கொக்கியைத் தகடு வைத்து முறுக்கியிருக்கிறார்களா, ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். டிரெய்லரைப் பூட்டி, தாங்கியில் தண்ணீர் நிரப்பி, ஹல்துமுல்லைப் பக்கம் இறக்கி நிறுத்துங்கள். அது பறக்கிறதா என்பது எனக்குத் தேவையில்லை. நிற்கிறதா என்று சொல்லுங்கள், அப்புறம் பேசுவோம்.

அப்பாவின் விண்ணப்பத்துக்குப் பதில் பதிவுத் தபாலில் வந்தது. சிங்களத்தில் மட்டும் வந்தது. தமிழிலும் வந்திருக்க வேண்டும். அதற்கு வேறு முறைப்பாடு எழுதிக்கொள்ளலாம் என்று, கூடத்தில் நின்றபடியே தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். வாகனத்தில் குறைபாடு இருந்தது. சாரதியின்மேல் தவறில்லை. லைசென்ஸை இரத்துச் செய்தது ஆரம்பத்திலிருந்தே செல்லாது.

அப்பா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "அப்ப நான் ஓட்டலாமா?" என்றார்.

"மருத்துவச் சான்றிதழ் வேணும்ப்பா."

சின்னம்மா சுவரோரம் நாற்காலியில் இருந்தாள். "இன்னொருக்கா வாசி" என்றாள். வாசித்தேன். மூன்றாவது தடவையும் கேட்டாள். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வண்டி ஒன்னு கூப்பிடு. அண்ணன் வீட்டுக்குப் போகணும். அவன் முன்னால நீ இத வாசிக்கணும். பேரப்புள்ளைங்க அத்தனையையும் உக்கார வச்சு வாசிக்கணும். சிங்களத்துலயும் வாசி, தமிழ்லயும் வாசி."

"அவன் படுத்த படுக்கையாக் கெடக்கான்" என்றார் அப்பா சன்னமாக. "இனிமே எதுக்கு? விட்டுரு."

சின்னம்மா வாசலில் நின்று திரும்பினாள். "நீங்க பேசாம இருங்க அத்தான். விட்டு விட்டுத்தான் இப்பிடி ஆச்சு. சட்டையப் போடுங்க, நீங்களும் வர்றீங்க."

அப்பா சட்டையைத் தேடிப் போனார். நான் தொலைபேசியில் வண்டிக்குச் சொல்லிவிட்டு, அலுவலகப் பழக்கத்தில், கடிதத்தின் மேல் மூலையில் கிடைத்த நாளைக் குறித்தேன்: மாசி மாதம், சிவராத்திரிக்கு மறுநாள், வியாழக்கிழமை.